விடுதி அறை யாருக்காக?

சென்னை மாநகருக்கு ஏதேனும் ஒரு காரியத்தின் பொருட்டுச் செல்லாத குடும்பம் நம்மில் அரிது. மருத்துவம், பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கை, கடவுச்சீட்டு, திருமணத்திற்குத் துணி எடுத்தல், உம்ரா செல்வோரை விமான நிலையத்தில் வழியனுப்புதல் என்று காரணங்கள் பலவாக இருக்கும். செல்லும் காரியத்தைப் பற்றி வீட்டில் பத்து நாள் பேசுவோம். யார் யார் செல்வது, என்ன பலகாரம் கொண்டு செல்வது என்றெல்லாம் ஆலோசிப்போம். எங்கே தங்குவது என்ற ஒன்றை மட்டும், "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒதுக்கிவிடுவோம். அல்லது, வீட்டில் இருக்கும் ஓர் ஆண் தாமாகவே அதை முடிவு செய்துவிட்டு, "எல்லாம் ஏற்பாடு செய்தாயிற்று" என்பார்.

2018ஆம் ஆண்டில் எங்கள் வீட்டில் அவ்வாறு முடிவு செய்த ஆண் நான்தான்.

முன்னாளில் இந்தக் கவலை இல்லை. சென்னையில் ஓர் உறவினர் இருந்தால் போதும், ஊரே அவர் வீட்டில் இறங்கும். வந்தவர்களுக்குப் பாய் விரித்து, சோறு போட்டு, வேலைக்குச் செல்லும் வழியில் மருத்துவமனையிலும் கொண்டு போய் விடுவார்கள். இன்று அந்த உறவினரே இரண்டு அறைகள் கொண்ட அடுக்குமாடி வீட்டில், பிள்ளைகளின் தேர்வுக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவில் வாழ்கிறார். விருந்தோம்பல் மூன்று நாட்கள் என்று சொல்லித் தந்த நாயகம் (ஸல்) அவர்கள், வீட்டுக்காரரைச் சங்கடத்தில் ஆழ்த்தும் அளவுக்கு விருந்தாளி தங்கிவிடக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். முதற்பகுதியை நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம். இரண்டாம் பகுதியை நினைவூட்டத்தான் ஆளில்லை.

வழிப்போக்கருக்குத் தங்குமிடம் அமைப்பது நம் முன்னோர் பெரிதாகப் போற்றிய அறம். 1540 முதல் 1545 வரை ஆண்ட ஷேர்ஷா சூரி, தம் நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் குறிப்பிட்ட தொலைவுக்கு ஒன்றாகச் சராய்கள் கட்டுவித்ததையும், அவற்றின் வாயில்களில் குடிநீர்ப் பானைகள் நிரப்பி வைக்கப்பட்டதையும், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனியே தங்குமிடங்கள் இருந்ததையும் வரலாற்றாசிரியர் அப்பாஸ் கான் சர்வானி எழுதி வைத்திருக்கிறார். நம் தமிழகத்திலும் மேல்விஷாரம் நவாப் சி. அப்துல் ஹக்கீம் அவர்கள், சென்னைக்கு வரும் முஸ்லிம் பயணிகளுக்காக சென்ட்ரல் நிலையத்திற்கு அருகில் தம் தந்தையார் பெயரால் சித்தீக் சராயைக் கட்டினார்கள். பெட்டியைத் தலையில் சுமந்தபடி சென்ட்ரலில் இறங்கியவர் நடந்தே சேரக்கூடிய தொலைவு அது. தங்குமிடத்தை எங்கே வைக்க வேண்டும் என்பதை அக்காலத்தவர் எவ்வளவு துல்லியமாக அறிந்திருந்தார்கள்! நானோ 2018இல் அதை அறியாதவனாக இருந்தேன்.

எங்கள் ஊர் மேலப்பாளையம். உம்மாவுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். அத்துடன் சிறுநீரகத்தில் கல்லும், இரத்தத்தில் உப்பின் அளவு கூடியிருப்பதும் கண்டறியப்பட்டு, எழும்பூருக்கு அண்மையிலுள்ள ஒரு மருத்துவமனையில் காட்டும்படி உள்ளூர் மருத்துவர் எழுதித் தந்திருந்தார். உம்மா, என் மனைவி, நான் ஆக மூவர் மூன்று நாட்கள் தங்குவதாகத் திட்டம். மதரஸாவில் விடுமுறை கேட்டுப் பெற்றேன்.

நண்பர் ஒருவர் இரண்டு விடுதிகளின் தொலைபேசி எண்களைத் தந்தார். ஒன்று எழும்பூர் நிலையத்திற்கு எதிரே, லிப்ட் உள்ளது, நாள் வாடகை 1,100 ரூபாய். மற்றொன்று திருவல்லிக்கேணியில் ஒரு சந்தினுள், மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது, 700 ரூபாய். நாளொன்றுக்கு 400, மூன்று நாளுக்கு 1,200 ரூபாய் மிச்சம் என்று கணக்குப் பார்த்தேன். மதரஸா ஆசிரியரின் ஊதியத்தில் 1,200 ரூபாய் சிறு தொகை அன்று.

ஆனால், பணம் மட்டுமே காரணம் என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. திருவல்லிக்கேணியில் வாலாஜா பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. 1795இல் ஆற்காட்டு நவாப் வாலாஜா குடும்பத்தாரால் எழுப்பப்பட்ட கருங்கற் பள்ளி. ஐவேளையும் அங்கே ஜமாஅத்துடன் தொழலாம் என்ற ஆசை. அதோடு, பைகிராப்ட்ஸ் சாலை என்று முன்பு வழங்கிய பாரதி சாலையின் நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள் உண்டு. கல்லூரியில் தமிழிலக்கியம் பயின்ற காலம் முதலே அந்தக் கடைகளின் மீது எனக்கொரு மயக்கம். பள்ளிவாசலும் எனக்கு, பழைய புத்தகமும் எனக்கு. மூன்று மாடிகள் மட்டும் உம்மாவுக்கு. இதை நான் அப்போது இப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. "பள்ளிவாசல் பக்கத்திலேயே அறை கிடைத்திருக்கிறது, உம்மா" என்றபோது அவர்கள் மகிழ்ந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். பள்ளியின் பெயரைச் சொன்னபின் ஒரு தாய் வேறென்ன சொல்வாள்?

விடுதியில் காலை ஏழு மணிக்குப் போய் இறங்கினோம். பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் அறை கொடுப்போம், இப்போதே வேண்டுமென்றால் அரை நாள் வாடகை தனி என்றார் முகப்பில் இருந்தவர். இரவெல்லாம் ரயிலில் வந்த உம்மாவை ஐந்து மணி நேரம் நாற்காலியில் உட்கார வைக்க முடியுமா? 350 ரூபாய் கொடுத்தேன். பிறகு மாடிப்படி. உம்மா ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். இரண்டாம் மாடியில் நின்று, "நல்ல காத்தோட்டமா இருக்கு வாப்பா" என்றார்கள். அது மூச்சு வாங்குவதற்காகச் சொன்ன சொல் என்பது என் மனைவிக்கு விளங்கியது. எனக்கு விளங்கவில்லை.

அறையில் குந்தி அமரும் கழிப்பறைதான் இருந்தது. தேய்ந்த முழங்கால்களுக்கு அது எத்தகைய தண்டனை என்பதை முதியோரைப் பராமரிக்கும் பெண்மக்கள் அறிவார்கள். ஆண்களாகிய நமக்கு அதை யாரேனும் சொன்னால்தான் தெரிகிறது. உம்மா சொல்லவில்லை. ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து, அதைப் பிடித்து எழுந்து கொண்டார்கள்.

மறுநாள் மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை. அத்துடன் ஸ்கேன். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால்தான் ஸ்கேன் எடுக்க இயலும் என்பதால் வெகுநேரம் காத்திருக்க நேர்ந்தது. பிற்பகலில் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த மருத்துவர் புருவத்தை நெரித்தார். ஊரில் எடுத்த முடிவைவிட உப்பின் அளவு கூடியிருந்தது. "அம்மா, நேற்று எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள்?" என்று கேட்டார். உம்மா தலையைக் குனிந்து கொண்டார்கள். உடலில் நீர் குறைந்திருக்கிறது, நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு இரண்டு நாள் கழித்து மீண்டும் இரத்தம் கொடுங்கள், அதைப் பார்க்காமல் மருந்து எழுத முடியாது என்றார் அவர்.

வெளியே வந்ததும் என் மனைவி மெல்லச் சொன்னாள்: "மாமி நேத்து முழுக்க ஒரு டம்ளர் தண்ணிதான் குடிச்சாங்க. குடிச்சா அடிக்கடி கக்கூஸுக்குப் போகணும், உட்கார்ந்து எந்திரிக்க முடியலன்னு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க."

நான் உம்மாவைப் பார்த்தேன். "நீயும்தானே மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் மூணு மாடி ஏறி இறங்குறே. அதுக்கு மேல உனக்கு என்ன கஷ்டம் குடுக்கிறது?" என்றார்கள்.

சிறுநீரகத்தைக் காட்டுவதற்காகத் தாயைச் சென்னைக்கு அழைத்து வந்து, சிறுநீரகத்திற்கு எது கூடாதோ அதைச் செய்ய வைத்திருக்கிறேன். இதை எண்ணி அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. பெரிய பள்ளியில் இஷா தொழுதுவிட்டு வந்து படுத்தவன்தான் நான். அந்தத் தொழுகையிலும் மனம் நிற்கவில்லை.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கூடுதலாக இரண்டு நாள் தங்கிய வாடகை 1,400. மருத்துவமனைக்குப் போகவர ஆட்டோவுக்கு ஐந்து நாளில் 1,500. முதல் நாள் காலைக்கு 350. திரும்பும் பயணச்சீட்டை ரத்து செய்து தட்கலில் எடுத்த வகையில் ஏறத்தாழ 900. ஆக 4,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. மிச்சம் பிடிக்க எண்ணியதோ 1,200.

அதன் பிறகு வேண்டியவர்கள் யார் சென்னைக்குச் செல்வதாகச் சொன்னாலும், அவர்கள் கேட்காமலே சில வார்த்தைகள் சொல்வது எனக்கு வழக்கமாகிவிட்டது. அவற்றையே இங்கும் எழுதுகிறேன்.

இடம் எது?

வாடகையைக் கேட்பதற்கு முன்னால், செல்லும் காரியம் நகரின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பாருங்கள். தென்மாவட்ட ரயில்களில் வருவோர்க்கு எழும்பூரில், நிலையத்திற்கு எதிரேயுள்ள கென்னட் சந்திலும் காந்தி இர்வின் சாலையிலும் சிக்கனமான விடுதிகள் நிறைய உண்டு. பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே போய்விடலாம். மெட்ரோ ரயில் நிலையமும் அங்கேயே இருக்கிறது. வணிகத்துக்காக வருவோர் பெரும்பாலும் மண்ணடியை நாடுவர். காயலும் கீழக்கரையும் நெடுங்காலமாக வந்து போகும் இடமாதலால் அங்கே நம் உணவும் பள்ளியும் அருகருகே கிடைக்கும். ஆனால் குறுகலான, இரைச்சல் மிகுந்த தெருக்கள். நோயாளிக்கு ஏற்றவை அல்ல. கிரீம்ஸ் சாலை, ஆயிரம் விளக்குப் பகுதிகளில் வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் மருத்துவத்திற்கு வருவோரை நம்பி, சமையல் செய்துகொள்ளும் வசதியுள்ள அறைகள் வாடகைக்கு விடப்படுகின்றன. பத்திய உணவு தேவைப்படும் நோயாளியுடன் பத்து நாளுக்கு மேல் தங்க வேண்டியவர்கள் அங்கே விசாரிக்கலாம்.

திருவல்லிக்கேணியை நான் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். தனியே வரும் ஆணுக்கு அதைவிட வசதியான இடம் சென்னையில் இல்லை. எனினும் அங்குள்ள ‘மேன்ஷன்’கள் பெரும்பாலும் வேலைக்கு வந்த தனியாட்களுக்கு மாத வாடகைக்கு விடப்படுபவை. குடும்பத்துடன் செல்வோர் அந்தப் பெயரைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது.

தொலைபேசியில் என்ன கேட்பது?

கைப்பேசியில் அறையின் படத்தைப் பார்த்தே பணம் கட்டும் காலம் இது. படத்தில் கட்டில் தெரியும், விரிப்பு தெரியும். படிக்கட்டு தெரியாது, கழிப்பறையும் தெரியாது. ஆகவே எவ்வழியில் பதிவு செய்தாலும், விடுதியின் முகப்புக்கு ஒருமுறை நேராகப் பேசிவிடுவது நல்லது. எத்தனையாவது மாடி, லிப்ட் உண்டா, அது இரவிலும் ஓடுமா, கழிப்பறை ‘வெஸ்டர்ன்’ வகையா, வெந்நீர் எந்நேரம் வரும், மூன்றாமவருக்குக் கூடுதல் மெத்தைக்கு எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. வாடகை கொடுப்பவர் நாம்.

இவற்றினும் முக்கியமானது கணக்கு நாள். சில விடுதிகளில் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு நாள் தொடங்கி மறுநாள் பன்னிரண்டுக்கு முடியும். வேறு சிலவற்றில் நீங்கள் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம். விடியலில் ரயிலிலிருந்து இறங்கும் நமக்கு இரண்டாவது முறைதான் ஏற்றது. பன்னிரண்டு மணிக் கணக்கில், காலை ஆறு மணிக்கு வந்தவர் அரை நாள் வாடகையை வீணே இழப்பார். இல்லையேல் பெட்டியும் பிள்ளைகளுமாக வரவேற்பறையில் காத்துக் கிடப்பார்.

வரியையும் கேட்டுக்கொள்ளுங்கள். நாள் வாடகை 1,000 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி இல்லாமல் இருந்தது. 2022 ஜூலை 18 முதல் அவற்றுக்கும் 12 விழுக்காடு விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல், 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு அது 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. சொன்ன வாடகை வரியுடன் சேர்த்தா, சேர்க்காமலா என்று முதலிலேயே தெரிந்துகொண்டால், கிளம்பும் நேரத்தில் முகப்பில் நின்று வாதாட வேண்டியிருக்காது. பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

விடுதிப் பதிவேட்டில் எழுதும்போது பெரியவர்கள் அனைவருடைய அடையாள அட்டையும் கேட்பார்கள். குடும்பத் தலைவரின் ஆதாரை மட்டும் எடுத்துச் சென்று, மனைவியின் அட்டை வீட்டுப் பீரோவில் இருப்பதால் நடு இரவில் தவித்தவர்கள் உண்டு. ஆதாரில் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும்படி மறைத்துத் தரும் படியை ஆதார் ஆணையமே வழங்குகிறது. அதன் அச்சுப் படிகள் நான்கைந்தைப் பையில் வைத்துக்கொள்வது நலம்.

அறைக்குள் நுழைந்ததும் முன்பணம் கட்டுவதற்கு முன்னர் வீட்டுப் பெண்களை ஒருமுறை சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தாழ்ப்பாள் உள்ளிருந்து சரியாக விழுகிறதா, குளியலறைச் சன்னலுக்குக் கண்ணாடி இருக்கிறதா, பக்கத்து அறைக்குத் திறக்கும் இடைக்கதவு ஏதேனும் இருக்கிறதா என்பதையெல்லாம் அவர்கள் கண்கள் உடனே கண்டுகொள்ளும். நாமோ மின்விசிறி சுழல்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுவோம். அறை பிடிக்கவில்லை என்று அவர்கள் சொன்னால், அதைச் சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. எல்லாப் பள்ளிகளிலும் பெண்கள் தொழ இடம் இருப்பதில்லை. அந்த மூன்று நாட்களும் அவர்கள் தொழுவது அந்த அறையிலேதான். அங்கே தரை சுத்தமாக இருக்க வேண்டும், ஒரு முஸல்லா விரிக்க இடமும் இருக்க வேண்டும். சென்னையில் கிப்லா நேர் மேற்கன்று, மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 18 பாகை திரும்ப வேண்டும். முதல் வேளையிலேயே திசையைப் பார்த்துச் சொல்லிவிட்டு நாம் பள்ளிக்குக் கிளம்பலாம். பயணிக்குக் கஸ்ரு உண்டு என்பதை அறிவோம். ஷாபிஈ மத்ஹபினர் ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்தும் தொழலாம். ஹனபி மத்ஹபினர் சுருக்கித் தொழுவரே தவிர, சேர்ப்பதில்லை. மருத்துவமனை வரிசையில் நிற்கும் நாளில் இச்சலுகையின் அருமை தெரியும்.

போக்குவரத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. இரண்டு மூன்று மாற்றங்களை மட்டும் நினைவூட்டுகிறேன். தென்மாவட்ட அரசுப் பேருந்துகள் முன்போல் கோயம்பேட்டுக்கு வருவதில்லை. 2023 டிசம்பர் 30இல் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து நகரின் நடுப்பகுதிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். முதியவரை அழைத்துச் செல்வோர் இதை எண்ணிப் பார்த்து ரயிலையே நாடுவது நன்று. ரயில் முன்பதிவு 120 நாட்களுக்கு முன் தொடங்கிய முறை மாறி, 2024 நவம்பர் முதல் 60 நாட்கள் என்றாகிவிட்டது. பதிவு செய்யும்போது வயதைச் சரியாகக் குறிப்பிட்டால், 45 வயது கடந்த பெண்களுக்கும் 60 கடந்த ஆண்களுக்கும் கீழ்ப்படுக்கை இருப்பின் தாமாகவே ஒதுக்குகிறார்கள். வண்டி எழும்பூர் வரை செல்கிறதா, தாம்பரத்தோடு நின்றுவிடுகிறதா என்பதையும் சீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். எழும்பூர் நிலையப் புதுப்பிப்புப் பணியால் சில வண்டிகள் அவ்வாறு மாற்றப்பட்டதுண்டு.

ஒரு நாளில் எத்தனை இடம்?

மருத்துவத்திற்கே சென்றாலும் பிள்ளைகளோ பெரியவர்களோ, "வந்ததுதான் வந்தோம், நாலு இடம் பார்த்துவிட்டுப் போவோம்" என்பார்கள். நியாயமான ஆசைதான். அதற்காகக் காலையில் அருங்காட்சியகம், நண்பகலில் தியாகராய நகர், மாலையில் கடற்கரை, இரவில் பிரியாணி என்று ஒரே நாளில் அடுக்கினால், மறுநாள் வீடே படுத்துவிடும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று போதும். ளுஹர் தொழுததிலிருந்து அஸர் வரை அறையில் படுத்திருக்க வேண்டும். வாடகை கொடுத்த அறையில் பகலில் படுப்பது வீணன்று. அதற்கும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறோம்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. அதற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜும்ஆ நாளில் நமக்கும் அதுவே வசதி. விவரமறியாமல் அன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவோர் உண்டு. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அருங்காட்சியக வளாகத்தை ஒட்டியே கன்னிமாரா நூலகம் இருக்கிறது. 1896இல் திறக்கப்பட்டது. நாட்டில் வெளியாகும் நூல்களைச் சட்டப்படி பெற்றுச் சேர்க்கும் நான்கு நூலகங்களுள் ஒன்று. எனக்கு அங்கே ஒரு பகல் முழுவதும் அமர வேண்டும் என்று ஆசை. குடும்பத்தோடு வந்த பயணத்தில் அதைச் செருகக் கூடாது என்று கற்றுக்கொண்டிருக்கிறேன். அதற்குத் தனியாக ஒருநாள் வர வேண்டும், இன்ஷா அல்லாஹ்.

உணவைப் பொறுத்தவரை, வந்த முதல் நாளிலேயே எண்ணெயும் நெய்யும் மிதக்கும் உணவை வயிற்றில் போட வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சென்னையில் ஹலால் உணவுக்குப் பஞ்சமில்லை, பஞ்சம் நம் அடக்கத்துக்குத்தான்.

2024 ஆகஸ்டில் உம்மாவை மீண்டும் அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று. இம்முறை பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்னமே, ஒரு நாள் இரவு சாப்பாடு முடிந்ததும் உம்மாவையும் மனைவியையும் உட்கார வைத்து, பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதத் தொடங்கினேன். "உம்மா, அறையில என்னென்ன இருக்கணும்?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன வாப்பா, எங்க படுத்தாலும் தூக்கம் வரும்" என்றார்கள் வழக்கம்போல.

நான் பேனாவைக் கீழே வைக்கவில்லை. சற்று நேரம் கழித்து என் மனைவிதான் வாயைத் திறந்தாள். "மாமி, கக்கூஸப் பத்திச் சொல்லுங்க" என்றாள். பின்பு ஒவ்வொன்றாக வந்தது. உட்காரும் கழிப்பறை. இரவில் எழுந்து போக ஒரு சிறு விளக்கு. கட்டில் மிக உயரமாக இருக்கக் கூடாது. ஒளூ செய்ய வாஷ்பேசின் கைக்கு எட்ட வேண்டும், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தால் உட்கார்ந்தே செய்துகொள்ளலாம். கீழிருந்து சத்தம் வரக் கூடாது. ஆறு வருடங்களாக உம்மாவின் மனத்தில் இருந்த பட்டியல் போலும் அது! எழுதி முடித்தபோது தாளின் பாதியே நிரம்பியிருந்தது. பேராசை என்று சொல்லத்தக்கது அதில் ஒன்றுமில்லை.

எழும்பூரில் விடுதி ஒன்றைப் பிடித்தேன். முதல் மாடி, லிப்ட், 24 மணி நேரக் கணக்கு. வரியுடன் நாளுக்கு 1,680 ரூபாய். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. நாற்காலியும் சொல்லி வைத்தேன், அறையில் இருந்தது. மருத்துவமனைக்குப் போகும் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணமில்லை என்பதால் உம்மாவும் மனைவியும் இலவசமாக ஏறினார்கள். எனக்கு மட்டும் சீட்டு. "உனக்கு மட்டும் காசா?" என்று உம்மா சிரித்தார்கள். பரிசோதனை முதல் நாளிலேயே முடிந்தது. ஸ்கேன் அறையில் காத்திருக்கவே நேரவில்லை. உப்பின் அளவும் கட்டுக்குள் இருந்தது.

ஒரு மாலை மிச்சமாயிற்று. மெரினாவில் விவேகானந்தர் இல்லத்திற்கு எதிரே, மாற்றுத் திறனாளிகள் கடலருகே செல்வதற்காக மணல்மீது மரப்பாதை ஒன்று அமைத்திருக்கிறார்கள். 2022 நவம்பரில் திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சிதைந்து, பின் செப்பனிடப்பட்டது. சக்கர நாற்காலியில் வருவோர்க்காக அமைக்கப்பட்டது ஆதலால் படியில்லை. இருபுறமும் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உண்டு. உம்மா ஒரு கையால் அதையும் மறுகையால் மருமகளையும் பற்றிக்கொண்டு மெல்ல நடந்தார்கள். மணலில் கால் புதையும் என்று இத்தனை காலம் சாலையோரத்திலிருந்தே கடலைப் பார்த்தவர்கள், அன்று பாதையின் கடைசி வரை சென்றார்கள்.

அங்கே நின்றபடி பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுக்கச் சொன்னார்கள். முக்கால் போத்தல் குடித்தார்கள். பிறகு, "ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்காரே டாக்டர், அந்த அறையவே இப்பவே சொல்லி வச்சா குடுப்பாங்களா?" என்று கேட்டார்கள். அறைக்குத் திரும்பியதும் முகப்பில் விசாரித்து, அறை எண்ணையும் தொலைபேசி எண்ணையும் அதே நாட்காட்டித் தாளின் எஞ்சிய பாதியில் எழுதிக்கொண்டேன்.